விடியக்காலை மூன்று செக்கன்

எங்களில் ஒருத்தியின் அப்பா வாடகைக் கார் ஓடுகிறவர். கார் 2003 இல் ஜப்பானில் செய்தது. அவர்களுடைய வீட்டுக்கு வந்தபோதே அது மூன்றாவது கை. போன மாரியில் ஒருநாள் விடிய ஐந்தரைக்கு ஆளேற்றப் போகவென்று திறப்பைத் திருப்பினால், எஞ்சினுக்குள் இருந்து ஒரு சத்தம். தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினது மாதிரி. மூன்று செக்கன். பிறகு ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் அமைதியாக ஓடியது. அடுத்த நாளும் அப்படித்தான். பகலில் எத்தனை தரம் நிறுத்தி எடுத்தாலும் சத்தமில்லை. இரவு முழுக்க நின்று, விடிய ஸ்ராட் பண்ணினால் மட்டும் வரும்.

முதலில் காட்டிய கராஜில், "எஞ்சின் முடிஞ்சுது, வேறை எஞ்சின் இறக்கிப் போடுங்கோ" என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒயிலை மாற்றித் தடித்த ஒயில் விட்டார்கள். இரண்டு கிழமைக்குக் கொஞ்சம் குறைந்தது, பிறகு மூன்று செக்கன் ஐந்து செக்கனாகியது. மூன்றாவது இடத்தில் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்துவிட்டு, "கோட் ஒண்டும் காட்டேல்லை, ஓடுமட்டும் ஓடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். எஞ்சின் மாற்றக் கேட்ட காசு அந்த வீட்டின் ஒரு வருசச் சேமிப்பைவிடக் கூட. அந்தக் காரைத் தவிர அங்கே வேறு வருமானமும் இல்லை. ஓடுமட்டும் ஓடுவது என்றால், எங்கே நிற்கும்? ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் நடுவில், ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும்போதா?

நாங்கள் வழக்கமாகப் புத்தகம், படம், பழைய பத்திரிகை என்றுதான் எழுதுகிறோம். காரைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தச் சத்தத்தின் பின்னால் போகப் போக, அது ஒரு வீட்டுக் காரின் கதையாக மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இணுவில் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். கராஜ் என்று பலகை கிடையாது. வீட்டு வளவில் மாமரத்துக்குக் கீழே ஒரு கொட்டில், அவ்வளவுதான். காரைக் கொண்டுபோனதும் பொனற்றைத் திறப்பார் என்று பார்த்தால், அவர் கேள்விதான் கேட்டார். "காலமை ஒருக்கா மட்டுமோ? இல்லாட்டி சூடானாப் பிறகும் வருதோ? ரேஸ் பண்ணினா கூடுதோ குறையுதோ? கடைசியா ஒயில் எப்ப மாத்தினது? பில்டர் எங்கை வாங்கினது?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காரை இரவைக்கு இஞ்சை விட்டிட்டுப் போங்கோ. விடிய வாங்கோ. நான் கேக்காமல் ஒண்டும் சொல்லமாட்டன்."

விடிய ஐந்து பேர் அவருடைய வளவில் நின்றோம். நீளமான ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்திருந்தார். அதன் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியை இடது காதோடு அழுத்திக்கொண்டு, "அடியுங்கோ" என்றார். ஏன் இடது காது என்று ஒருவர் கேட்டபோது, "மற்றதிலை அவ்வளவாக் கேக்காது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சத்தம் வந்தது, போனது. "முன் மூடிக்குள்ளைதான். ரைமிங் செயின். செயினே இல்லாட்டி அதை இழுத்துப் பிடிச்சிருக்கிற சாமானோ எண்டு இனித்தான் பாக்கோணும்."

எப்படி இவ்வளவு கெதியாகச் சொன்னீர்கள் என்று கேட்டோம். "மைனரிலை கேட்ட சத்தம்தானே" என்றார்.

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

எஞ்சினுக்குள் இரண்டு தண்டுகள் ஒன்றுக்கொன்று நேரம் தப்பாமல் சுற்றவேண்டும். கீழே கிராங்க் சாவ்ற், அதுதான் பிஸ்ரன்களை ஏற்றி இறக்குவது. மற்றது காம் சாவ்ற், வால்வுகளைத் திறந்து மூடுவது. கிராங்க் இரண்டு தரம் சுற்றினால் காம் ஒரு தரம் சுற்றவேண்டும். அதனால் காமின் பற்சில்லில் இரண்டு மடங்கு பல்லிருக்கும். இந்த இரண்டையும் கட்டிவைத்திருப்பதுதான் ரைமிங் செயின். அது தளர்ந்தால் அடித்துச் சத்தம் போடும். ஒரு பல்லுத் தாவினால் வால்வு நேரம் பிழைக்கும். பல எஞ்சின்களில் மேலும் இரண்டொரு பல்லுத் தாவினால், திறந்து நிற்கிற வால்வில் பிஸ்ரன் போய் இடிக்கும். அதோடு எஞ்சின் சரி.

அந்தச் செயினின் பிறப்பிடம் கார் அல்ல, நெசவாலை. ஹான்ஸ் ரெனோல்ட் என்ற சுவிஸ் இளைஞர் 1873 இல் மான்செஸ்ரருக்கு வந்தார். 1879 இல், நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் சிலேற்றரின் சிறிய தொழிற்சாலையை வாங்கினார். அடுத்த வருசம், 1880 இல், ஆணிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு புஷ்ஷை வைத்து அவர் செய்த செயின்தான் இன்றைக்கு உங்கள் சைக்கிளில் ஓடுவது. அந்தப் புஷ் வந்ததால் தேய்மானம் ஒரு கோட்டில் விழாமல் பரந்த மேற்பரப்பில் பரவியது, செயின் நீடித்தது. 1895 இல் சத்தம் குறைந்த பல்லுச் செயினையும் அவர் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் செய்தவர்களுக்கு எஞ்சின் முன்பக்கத்துப் பற்சில்லுகளின் இரைச்சல் பெரிய தலையிடியாக இருந்தது. வசதிபடைத்தவர்கள் வாங்குகிற பொருள், அது கத்தக்கூடாது. அப்படித்தான் செயின் எஞ்சினுக்குள் போனது. அதாவது செயின் உள்ளே வந்ததே சத்தத்தைக் குறைக்க. இன்று நாங்கள் அதன் சத்தத்துக்காக அலைகிறோம்.

செயின் "இழுபடுது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஆணியும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு செயினில் 120 கண்ணி என்று வையுங்கோ. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், முழுச் செயினும் 1.2 மில்லிமீற்றர் நீண்டுவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. காதுக்குத் தெரியும்.

இனி மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் கண்காட்சியில் வந்தது. 1956 இலிருந்து அதற்கு 948 சிசி எஞ்சின் போட்டார்கள். 1951 இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காகச் செய்த ஏ-சீரிஸ் எஞ்சினின் வளர்ந்த வடிவம் அது. அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் 2000 ஆம் ஆண்டுவரை உற்பத்தியில் இருந்தன. அதில் காம் சாவ்ற் எஞ்சின் உடம்புக்குள்ளேயே, கிராங்குக்குக் கிட்ட இருக்கிறது. ஆகையால் செயின் கட்டை. அதை இழுத்துப் பிடிக்க வைத்தது என்ன தெரியுமா? காம் பற்சில்லின் இரண்டு பக்கமும் இரண்டு றப்பர் வளையம். செயின் அந்த றப்பரில் உரசிக்கொண்டு ஓடும், அதிராது. வருசம் போகப் போக, சூட்டிலும் ஒயிலிலும் கிடந்து றப்பர் கல்லாகிவிடும். பிறகு எஞ்சினின் முன்பக்கத்தில் கிலுகிலு என்று ஒரு சத்தம். "அது சத்தம் போடும், ஆனா ஓடும்" என்றார் ஐயா. செயின் கட்டையானதால் தளர்வும் கொஞ்சம்தான். லேசில் பல்லுத் தாவாது. றப்பர் வளையம் கிடைக்காத காலத்தில் அவர்கள் அந்தச் சத்தத்தை அப்படியே விட்டார்கள். எந்தச் சத்தத்தை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரிக்கிற வேலையே அவர்களுடைய தொழிலில் பாதி.

றப்பர் வளையம் கிடைக்காத காலம் எது என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபின் வடக்குக்கு விழுந்த பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம் என்று பட்டியல் நீளும். மின்சாரமும் போனது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயும் லேசில் கிடைத்ததல்ல. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதில் சில துளியை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

இதை "எங்கட ஆக்களின்ர கண்டுபிடிப்பு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். முழுக்க அப்படி இல்லை. 1940களின் இறுதியிலேயே இங்கிலாந்தின் கொவென்றியில் செய்த பேர்கசன் ரிஈ20 உழவு இயந்திரத்துக்கு, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும் ஒரு வகை தொழிற்சாலையிலிருந்தே வந்தது. பெற்றோலில் எடுத்து, சூடானபின் மாற்றுகிற அதே முறை. பின்னாளில் எங்கள் வயல்களில் ஓடிய மசி பேர்கசனின் மூதாதை அது. வித்தியாசம் என்னவென்றால், அந்த எஞ்சினைப் பொறியியலாளர்கள் அதற்கென்றே அமைத்தார்கள். இங்கே மைனருக்கு அப்படி ஒருவரும் அமைத்துத் தரவில்லை. கேட்டு, முகர்ந்து, தொட்டுப் பார்த்துத்தான் சரிக்கட்டினார்கள்.

மண்ணெண்ணெயின் கூலியை ஒயில்தான் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஓட ஓட ஒயில் குறையவேண்டும் அல்லவா? இங்கே டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டம் கூடியிருக்கும். "ஒயில் கூடினாப் பயப்படு" என்று ஐயாவுக்கு அவருடைய முதலாளி சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீர்த்த ஒயில் பெயறிங்கைத் தின்னும், செயினின் ஆணியைத் தின்னும். மாற்ற நல்ல ஒயில் இல்லை. மணம் பார்த்து, விரலில் தேய்த்துப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடுவார்களாம்.

ஒரு விசயத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது "பாத்தியா, எங்கட சனம் எப்பிடிச் சமாளிச்சது" என்று ஒரு பெருமை வந்துவிடுகிறது. நாங்களும் அந்தப் பெருமையோடுதான் ஐயாவிடம் கேட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. "சமாளிக்கேல்லைத் தம்பி. கன எஞ்சின் செத்தது. கன சனமும் செத்தது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை நிண்ட காரை நாங்கள் தள்ளியிருக்கிறம்" என்றார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது அவர் தன்னுடைய ஸ்பனர் செற்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கொட்டிலில் கூரை இல்லை. அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்னொன்றைத் தேடும்போது கண்டோம். அதே 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்றுவந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்து மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்கத் தொடங்கினார். இந்தத் தீவில் செய்த மைனர் பாகங்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. யாழ்ப்பாணத்து மைனர்களுக்கு அவை வந்துசேர வழி இல்லை. இதை ஐயாவுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் சிரித்தார்.

மைனருக்கும் எங்கள் நண்பியின் வீட்டுக் காருக்கும் இடையில் செயின் ஒருமுறை காணாமல் போய்த் திரும்பியிருக்கிறது. 1962 இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 என்ற ஜேர்மன் காரில், செயினுக்குப் பதில் பல்லுவைத்த றப்பர் பெல்ற் வந்தது. சத்தமில்லை, ஒயில் தேவையில்லை, மலிவு. அடுத்த முப்பது வருசம் உலகின் ஏராளமான கார்கள் பெல்ற்றுக்கு மாறின. எங்கள் ஊரில் ஓடும் பழைய கொரோலாக்கள் பலவற்றிலும் பெல்ற்தான். ஆனால் அதைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும், மறந்தால் அறுந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் ரொயோட்டா தன் புதிய நாலு சிலிண்டர் எஞ்சின்களில் செயினுக்கே திரும்பியது. மற்ற ஜப்பான் நிறுவனங்களும் அந்தப் பக்கம் வந்தன. "செயின் என்றால் எஞ்சின் உள்ளமட்டும் மாற்றத் தேவையில்லை" என்று விற்பனைக்காரர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்த செயின் பழைய செயின் அல்ல. காம் சாவ்ற் இப்போது எஞ்சினின் தலையில், அதுவும் இரண்டு. செயின் கீழிருந்து மேலேறி இரண்டையும் சுற்றி இறங்கவேண்டும். நீளம் பல மடங்கு. இதைப் பிடித்து வைத்திருக்க றப்பர் வளையம் காணாது. அதற்கு வந்ததுதான் ஒயில் ரென்சனர். ஒரு சின்னக் குழலுக்குள் ஒரு தண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். எஞ்சின் ஓடும்போது ஒயில் அழுத்தம் குழலுக்குள் வந்து தண்டை வெளியே தள்ளும், தண்டு ஒரு சறுக்குக் கட்டையை அழுத்தும், கட்டை செயினை அழுத்தும். எஞ்சின் நின்றதும் ஒயில் அழுத்தம் இல்லை. அப்போது தண்டு பின்வாங்காமல் இருக்க, பல்லுவைத்த ஒரு பூட்டு. செயின் தேயத் தேய தண்டு ஒவ்வொரு பல்லாக முன்னுக்கு வந்து அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்யும். அழகான ஏற்பாடுதான். ஆனால் மைனரில் செயினைப் பிடித்தது றப்பர். இங்கே பிடிப்பது ஒயில். ஒயில் பிழைத்தால் செயினும் பிழைக்கும். இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் வொக்ஸ்வாகன், அவுடி உரிமையாளர்கள் இதே ரைமிங் செயின் விசயத்துக்காகப் போட்ட கூட்டு வழக்கு 2018 இல் இணக்கத்தில் முடிந்தது.

எங்கள் கதைக்கு அடுத்த திகதி 2020 மார்ச். அன்று நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருசம் நாட்டில் ஓடிய கார்கள் அதே கார்கள்தான், ஐந்து வயது கூடியபடி. நடுவில் 2022. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. வரிசையும் கியூஆர் கோட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒயில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஐயாயிரத்தில் மாற்றுகிற ஒயிலை நண்பியின் அப்பா அந்த வருசம் பதினையாயிரம் ஓடித்தான் மாற்றினார். பில்டரையும் ஒருமுறை மாற்றாமல் விட்டார், மறுமுறை கிடைத்த மலிவானதைப் போட்டார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மா வாங்குவதா பில்டர் வாங்குவதா என்றிருந்த வருசம் அது.

சரி, மாமரத்தடிக்கு வருவம்.

ஐயா முதலில் ரென்சனரைத் தொடவில்லை. வெளியில் ஓடும் பெல்ற்றைக் கழற்றிவிட்டு அரை நிமிசம் ஓடவிட்டார். மோட்டார் ஒன்றின் பெயறிங்கோ வோட்டர் பம்மோ சத்தம் போட்டிருந்தால் இப்போது நின்றிருக்கும். நிற்கவில்லை. தப்பற் சத்தம் என்றால் மேல் மூடியில் கேட்கும், சூடானாலும் இருக்கும். பிஸ்ரன் ஆட்டம் என்றால் நடு உடம்பில், சூடாக ஆகத்தான் குறையும், மூன்று செக்கனில் போகாது. பெரிய பெயறிங் என்றால் பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது பாரமான தட்டல். ஒவ்வொன்றாகத் தள்ளினார். டிப்ஸ்ரிக்கை இழுத்து விரலில் தொட்டு, "இந்த எஞ்சினுக்கு இவ்வளவு தடிச்ச ஒயில் ஆர் விட்டது?" என்றார். தடித்த ஒயில் சூட்டில் சத்தத்தை அமத்தும், ஆனால் விடிய மேலேறிச் சேர நேரம் எடுக்கும் என்பது அவருடைய விளக்கம். மூன்று செக்கன் ஐந்தானது அதனால்தான்.

அடுத்தநாள் விடிய செய்த சோதனைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. எரிபொருள் பம்மின் பியூசைக் கழற்றினார். எஞ்சின் பற்றாது, ஸ்ராட்டர் மட்டும் சுற்றும். நாலைந்து செக்கன் சுற்றவிட்டு, கொஞ்சம் பொறுத்து, திரும்பச் சுற்றவிட்டார், டாஷ்போர்ட்டில் ஒயில் லைற் அணையுமட்டும். பிறகு பியூசைப் போட்டு அடித்தார். சத்தமே இல்லை. ஒயில் முதலில் போய்ச் சேர்ந்தால் செயின் அமைதியாக இருக்கிறது. அப்படியென்றால் இரவில் அந்த ஒயில் எங்கேயோ வடிந்து போகிறது. எஞ்சின் முடியவில்லை. ஒரு சதம் செலவில்லாமல், ஒரு நட்டுக் கழற்றாமல், அந்தப் பெரிய எஞ்சின் செலவு எங்கள் கண்முன்னே இல்லாமல் போனது.

பில்டரைக் கழற்றி வெட்டிக் காட்டினார். உள்ளே ஒயிலைத் திரும்பி வடியவிடாமல் தடுக்க ஒரு றப்பர் வால்வு இருக்கவேண்டும். எங்களுடையதில் அந்த றப்பர் விறைத்து, மடங்கிப்போய் இருந்தது. சரியான ஒயில், நல்ல பில்டர். மூன்று நாள் பார்த்தோம். ஐந்து செக்கன் ஒரு செக்கனாகியது. முழுக்கப் போகவில்லை. அப்போதுதான் "இனி அவரைக் கழட்டுவம்" என்றார்.

இந்த எஞ்சினில் ரென்சனரை வெளியிலிருந்தே இரண்டு நட்டைக் கழற்றி எடுக்கலாம். எல்லாவற்றிலும் அப்படி இல்லை, பலதில் முன் மூடி முழுவதையும் கழற்றவேண்டும். கழற்றுமுன் முதலாவது பிஸ்ரனை மேலே கொண்டுவந்து புள்ளிகளைப் பொருத்தினார். "இனி ஒருத்தரும் கிராங்கைத் தொடக்கூடாது. செயினைப் பிடிச்சிருக்க இப்ப ஆளில்லை." கையில் வந்தது எங்கள் பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாமான். தண்டை விரலால் அழுத்தச் சொன்னார். பூட்டு நல்லதென்றால் தண்டு அசையக்கூடாது. எங்கள் நண்பி அழுத்தினாள். தண்டு அவளுடைய விரலுக்கு முன்னால் மெல்ல உள்ளே போனது. பல்லுத் தேய்ந்திருந்தது. ஆனால் தண்டு தன் கடைசி எல்லைவரை வந்திருக்கவில்லை. அதைக் காட்டி, "செயினிலை இன்னும் சீவன் இருக்கு. அதை மாத்தத் தேவையில்லை" என்றார்.

புது ரென்சனரும் அதற்கான வொஷரும் கொழும்பிலிருந்து வர நாலு நாள். அதன் விலை, எஞ்சின் மாற்றக் கேட்ட காசில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதன் தண்டை ஒரு சின்னக் கொக்கி உள்ளே பிடித்து வைத்திருக்கும். பூட்டியபின் கிராங்கைக் கையால் கொஞ்சம் பின்பக்கம் திருப்பினால் கொக்கி விடும், தண்டு பாய்ந்து கட்டையில் இடிக்கும். கொக்கியை விடுவிக்க மறந்து ஸ்ராட் பண்ணினால் தளர்ந்த செயினோடு எஞ்சின் ஓடும், பிறகு பல்லுத் தாவாமல் இருந்தால் அதிர்ஷ்டம். இதற்காகவே ஐயா தான் செய்யாமல் எங்களைக் கொண்டு ஸ்பனரைப் பிடித்துத் திருப்பச் செய்தார். உள்ளே "டக்" என்று ஒன்று. "கேட்டதோ?" கேட்டது. பிறகு முன்பக்கமாக முழுதாக இரண்டு சுற்று, திரும்பவும் புள்ளிக்குப் புள்ளி வருகிறதா என்று பார்க்க. வந்தது.

யாழ்ப்பாணத்தின் வரலாறு என்று நாங்கள் படித்தவற்றில் கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. ஒரு கராஜ் இல்லை. தடைக்காலத்து எஞ்சின்களை ஓடவைத்தவர்கள் ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதிவைக்கவில்லை. ஐயாவிடம் ஒரு கொப்பியாவது இருக்குமா என்று கேட்டோம். "எழுதவோ? ஒயில் கையோடையோ?" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பேராகப் போய்க் கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறோம். அவர் பேசுவதை மட்டுமல்ல, வளவுக்கு வருகிற எஞ்சின்களின் சத்தங்களையும். தப்பற், பெயறிங், வோட்டர் பம், செயின் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவருடைய குரலில் ஒரு பெயர். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. மைனரின் கிலுகிலு இன்னும் கிடைக்கவில்லை. கொக்குவிலில் ஒரு மைனர் படங்கு போர்த்து நிற்கிறதாம், எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நண்பியின் அப்பா அடுத்தநாள் விடிய ஐந்தரைக்குத் திறப்பைத் திருப்பியபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். ஐயாவும் வந்திருந்தார், ஸ்குரூ டிரைவரோடு. எஞ்சின் பற்றியது. அவர் இடது காதைக் குடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, "ஐயாயிரத்திலை ஒயில் மாத்துங்கோ. பில்டருக்குக் கஞ்சத்தனம் பாக்காதேங்கோ" என்றார். அவர் "சரி ஐயா" என்று றிவேர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். பலாலிக்கு ஆறு மணிக்கு ஆள் ஏற்றவேண்டும்.